தபால் நேரத்தில் ஓடியவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் குறையில்லை, ஏனென்றால் இதை அவர் படிக்கமாட்டார். யாராவது "அண்ணை, உங்களைப்பற்றி எழுதியிருக்கு" என்று நீட்டினால், நீட்டியவரையே படிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று "என்ன மாதிரி?" என்று கேட்பார். நல்லதாக எழுதியிருக்கிறது என்றால் உள்ளே வருவார். இல்லையென்றால் இன்னொரு சுற்றுப் போவார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் எனக்கு இரண்டு அறை வீடு ஒன்று தந்திருந்தார்கள். அகதி முகாமிலிருந்து இன்னொரு தமிழர் வருவார், அவரையும் சேர்த்துக்கொள் என்றார்கள். வந்தவருக்கு நாற்பது வயது. நான் அப்போது இருபத்துநான்கு. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைகிற உத்தியோகம் பார்த்தவர். முன்னுக்குத் தள்ளிய நல்ல தொந்தி. சூட்கேசை வைத்ததும் குசினி எங்கே, குளியலறை எங்கே என்று கேட்காமல், "ஐசே, இஞ்சை தபால் எத்தினை மணிக்கு வரும்?" என்றார்.

"பத்தேகால் போலை வரும் அண்ணை. கதவிலை இருக்கிற அந்த ஓட்டைக்குள்ளாலை போடுவான்."

அவர் கதவையும் அந்த ஓட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு, "ஒருக்கா ஓடிப்போட்டு வாறன்" என்று படியிறங்கினார்.

அவர் ஓடப் புறப்படுகிற கோலத்தைச் சொல்லவேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கிய நீலச் சப்பாத்து, ஓர் அளவு பெரிது. அதற்காக இரண்டு சோடி காலுறை. கீழே விளையாட்டுக் காற்சட்டை. மேலே கந்தோர் உத்தியோகத்துக்குப் போகிற முழுக்கைச் சட்டை, உள்ளே விட்டு, காற்சட்டைக்குத் தேவையே இல்லாத ஒரு பெல்ட். சட்டைப்பையில் பேனை. நான் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தேன்.

"அண்ணை, அங்கை ஊரிலை ஓடினது காணாதோ, இன்னும் ஓடவேணுமோ? இஞ்சை ஆர் துரத்துறது?"

"அது துரத்த ஓடினது. இது நானா ஓடுறது. நீர் படும்."

நான் படுத்துக்கொண்டேன். படுப்பதில் எனக்கு அந்த வயதில் யாரும் கிட்ட நிற்க முடியாது. மொழிப் பள்ளிக்கூடம் மத்தியானத்துக்குப் பிறகுதான்.

அவருடைய பாதை முதலில் ஆற்றங்கரை. வீட்டிலிருந்து இறங்கி, ஆற்றை ஒட்டி மேற்கே போய், ஒரு மரப்பாலத்தில் திரும்பி, மறுகரையால் வருவார். வந்ததும் மேலே ஏறமாட்டார். முற்றத்தில், எங்கள் சன்னலுக்குக் கீழே நின்று, தலையை நிமிர்த்தாமல், "என்ன மாதிரி?" என்று கத்துவார். நான் சன்னலைத் திறந்து "ஒண்டும் வரேல்லை" என்பேன். அதற்குப் பிறகுதான் படியேறுவார். முதல் கிழமை எனக்கு இது விளங்கவேயில்லை. கீழ்வீட்டு டேனிஷ் கிழவி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் ஏதோ சமயச் சடங்காக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் விசயத்தைக் காட்டிக்கொடுத்தது. ஊரிலுள்ள டேனிஷ்காரர்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை. இவரோ அன்றைக்கு ஒன்பதரைவரை குறட்டை. எழும்பிச் சாவகாசமாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை.

கேட்டேன். மறைக்காமல் சொன்னார். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை டென்மார்க்குக்கு எடுக்க அவர் விண்ணப்பம் கொடுத்திருந்தார். அந்தப் பதில்தான் அந்த ஓட்டைக்குள்ளால் விழவேண்டும்.

"நான் வீட்டிலை இருக்கேக்கை எனக்கு ஒரு நல்ல செய்தியும் வந்ததில்லை ஐசே. உத்தியோகக் கடிதம் வரேக்கை நான் கடலிலை குளிச்சுக்கொண்டு நிக்கிறன். கலியாணத்துக்குப் பொம்பிளை வீட்டுக்காரர் ஓமெண்டு சொல்லி அனுப்பேக்கை நான் சைக்கிள் கடையிலை. பிள்ளை பிறக்கேக்கையும் நான் ஆசுப்பத்திரிக்குள்ளை இல்லை. அப்பா செத்த தந்தி மட்டும் என்ரை கையிலைதான் தந்தவங்கள்."

"அதுக்காக ஒவ்வொரு நாளும் ஓடுறதோ?"

"சும்மா வெளியிலை நிண்டால் சனம் விசரன் எண்டு சொல்லும். ஓடினால் தேகப்பயிற்சி எண்டு நினைக்கும்."

பிறகு ஒரு சட்டம் போட்டார். கடிதம் வந்தால் நான் பிரிக்கவேண்டும். நான் வாசிக்கவேண்டும். நல்லதென்றால் சன்னலைத் திறந்து சொல்லவேண்டும். நல்லதில்லையென்றால் அவர் சாப்பிட்ட பிறகு சொல்லவேண்டும். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லை, ஆனால் அந்த வீட்டில் அதுதான் என் உத்தியோகம்.

இந்தக் குணம் தபாலோடு நிற்கவில்லை. தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்ப்போம். கோலுக்கு முன்னால் பந்தை வைத்து ஒருவன் உதைக்கப் போகிற நேரம் பார்த்துக் குசினிக்குள் போய், கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவார். அங்கிருந்தே "என்ன மாதிரி?" மொழிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு ஒட்டினால், நான் போய்ப் பார்க்கவேண்டும், அவர் சைக்கிள்களுக்கு நடுவில் குனிந்து நின்று யாருடைய சங்கிலியையோ ஆராய்ந்துகொண்டிருப்பார். இத்தனைக்கும் எங்கள் வகுப்பில் அவருக்குத்தான் எப்போதும் முதல் இடம்.

எனக்கு அவரில் கோபமும் வந்திருக்கிறது. வானொலியில் ஊர்ச் செய்தி தொடங்கினால் அவர் எழுந்து போவார். நாங்கள் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம், எங்கே குண்டு விழுந்தது, யாருடைய பகுதி என்று. ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, நீங்கள் கேளாமல் விட்டால் நடந்தது நடக்காமல் போயிடுமோ? பயந்தாங்கொள்ளி எண்டுதான் இதைச் சொல்லுறது."

அவர் கோபிக்கவில்லை. "ஓம்" என்றார். சோற்றைப் போட்டு எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வரவில்லை.

தபால்காரரும் இதில் மாட்டிக்கொண்டார். சிவப்புச் சட்டை போட்ட, ஐம்பது வயது, நல்ல மனுசன். ஆற்றங்கரைப் பாதையில்தான் சைக்கிளில் வருவார். எதிரே ஓடிவருகிற எங்கள் அண்ணை அவரைக் கண்டதும் முகத்தைச் சட்டென்று ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வார். தபால்காரர் முகத்தில் செய்தி தெரிந்துவிடுமாம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அந்த மனுசன் என் கதவைத் தட்டி, உங்கள் நண்பருக்கு என்னில் என்ன கோபம் என்று கேட்டார். என் அரைகுறை டேனிஷில் விளங்கப்படுத்தினேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அதற்குப் பிறகு அண்ணையைத் தூரத்தில் கண்டதும் அவரே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதிக்கத் தொடங்கினார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணை பருப்பு வடை சுட்டு, என் கையில் கொடுத்து, அவருக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தத் தபால்காரரை என்னால் மறக்கமுடியாது.

ஐப்பசியில் ஒரு பிழை நடந்தது. அன்றைக்கு அண்ணை வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்க, தபால் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. கதவு ஓட்டையை மூடியிருந்த தகரம் டக்கென்றது. கடிதம் அவர் முழங்காலில் விழுந்தது. சுட்டதுபோல் துள்ளி எழும்பி, ஒரு சப்பாத்து அவிழ்ந்தபடியே ஓடிப்போனார். நான் பிரித்தேன். கலியாணப் பதிவின் பிரதி போதாது, உறுதிப்படுத்திய வேறு பிரதி வேண்டும், அது வரும்வரை விண்ணப்பம் நிற்கும் என்று இருந்தது. சாப்பிட்ட பிறகு சொன்னேன். அவர் கடிதத்தைக் குறை சொல்லவில்லை.

"என்ரை பிழை. வீட்டுக்குள்ளை நிண்டிட்டன்."

அடுத்த நாளிலிருந்து ஒன்பதரைக்கே புறப்பட்டார். அவ்வளவு நேரத்துக்கு ஆற்றங்கரை போதாது. ஆற்றைத் தாண்டிப் பீச் மரக்காட்டுக்குள் ஏறினார். அந்தக் கிழமையே ஒரு புதினச் செய்தியோடு வந்தார்.

"ஐசே, இந்தச் சனத்தைக் கையெடுத்துக் கும்பிடவேணும். ஓடுற ஆக்கள் வழி தவறக்கூடாதெண்டு காட்டுக்குள்ளை மரத்துக்கு மரம் செம்மஞ்சள் பொட்டு வைச்சிருக்கிறாங்கள்!"

அன்று பின்னேரம் கட்டம்போட்ட கொப்பித்தாளில் படம் வரைந்தார். ஆறு, மரப்பாலம், மாட்டு வேலி, அதற்கப்பால் காடு. காட்டுக்குள் ஒவ்வொரு பொட்டு மரத்துக்கும் ஒரு எண். மொத்தம் முப்பத்தொரு மரம். அடியெண்ணி அளந்த தூரம், ஏற்றம், இறக்கம், எல்லாம் உண்டு. திணைக்களத்துக்காரர் வேறெப்படி வரைவார். சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு வருகிற தமிழாக்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி. பக்கத்து நகரமான பிரெடெரிசியாவிலிருந்து வந்தவர்களும் விடுபடவில்லை. வாங்கிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் ஓடவில்லை.

என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார். ஏழாம் மரத்தில் நான் களைத்து இருந்துவிட்டேன். ஆனால் அவர் ஓடுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டு, ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்கு, இலையெல்லாம் கொட்டிய காட்டில் வெள்ளைச் சட்டையோடு. தொந்தி போய்விட்டிருந்தது. பெல்ட்டுக்கு இப்போது வேலை இருந்தது. இந்த மனுசனுக்கு இந்தக் காடு பிடித்துப்போய்விட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. செய்திக்குப் பயந்து வந்தவர், வந்த இடத்தில் சந்தோசமாக இருந்தார்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. அவர் ஒன்பதரைக்குப் போனார். பத்தேகாலுக்குத் தகரம் டக்கென்றது. விழுந்தது நீலநிற விமானக் கடிதம். மனைவியின் கையெழுத்து. பழைய முகாம் விலாசத்துக்கு எழுதி, அதை யாரோ வெட்டி, வேறொன்று எழுதி, அதையும் வெட்டி, கடைசியில் எங்களிடம் வந்திருந்தது. பிரித்தேன். அனுமதி நேரே கொழும்புக்கே போயிருந்தது. விசா குத்தியாகிவிட்டது. விமானச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. கோப்பன்ஹேகனில் ஓர் உறவுக்காரர் ரயிலேற்றிவிடுவார், பின்னேரம் இரண்டரைக்குக் கோல்டிங் வந்து இறங்குவோம், ஸ்டேசனுக்கு வாருங்கோ என்று எழுதியிருந்தா. அவ எழுதியிருந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் பார்த்தேன். இன்றைக்கு.

சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பதினொன்றரைக்கு வருகிறவர். பன்னிரண்டாகியும் இல்லை. நானே போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஒன்றரை வருசத்துக்குப் பிறகு வருகிற மனைவியும் பிள்ளையும் இறங்கிப் பார்க்கும்போது என் மூஞ்சிதான் நிற்கவேண்டுமா? சுவரிலிருந்த படத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

காட்டுக்குள் நுழையும்போதே மரம் வெட்டுகிற இயந்திரத்தின் சத்தம். முதலாம் மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. இரண்டாம் மரமும் இல்லை. வெட்டிய மரங்கள் பாதையில் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. உழவு இயந்திரம் ஓடி, சேறும் தடமுமாக எந்தப் பக்கம் பாதையென்றே தெரியவில்லை. தலைக்கவசத்தோடு நின்ற வேலைக்காரர் ஒருவரிடம், பொட்டு வைத்த மரங்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதுகளைத்தானே வெட்டுறம்" என்றார் அவர் டேனிஷில். "வெட்டுறதுக்குத்தானே பொட்டு வைச்சது."

அந்த அந்தர அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதமாக மனுசன் வெட்டப்போகிற மரங்களை ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்! வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆளைக் கண்டீர்களா என்றேன். காலையில் கண்டோம், ஏதோ எண்ணிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார், பிறகு காணவில்லை என்றார்.

நான் குந்தியிருந்து யோசித்தேன். பொட்டு வைத்த மரத்தை மட்டும்தான் வெட்டுகிறார்கள் என்றால், அடிக்கட்டைகள்தான் பாதை. நிமிர்ந்து பார்த்தேன். கறுத்த காட்டுக்குள் புதிதாக வெட்டிய கட்டைகள் வெளிறித் தெரிந்தன. சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அவருடைய தூரக் கணக்கு ஓர் அடிகூடப் பிழைக்கவில்லை. ஏழாம் மரத்தோடு இருந்துவிட்ட நான் அன்றைக்கு ஓடினேன். பத்தொன்பதாம் கட்டையில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, என் பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"என்ன மாதிரி?"

இயந்திரச் சத்தம் நின்றது. தூரத்துப் பள்ளத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஒண்டும் வரேல்லை!"

கீழே இறங்கிப் பார்த்தால் முழங்கால்வரை சேற்றோடு அவர். பேனை இன்னும் சட்டைப்பையில். "பொட்டுகளைக் காணேல்லை ஐசே. மூண்டு தரம் சுத்தி மூண்டு தரமும் இந்தப் பள்ளத்துக்கே வந்திட்டன். நான் படம் வரைஞ்ச காடு..." என்றவர் என் கையிலிருந்த நீலக் கடிதத்தைக் கண்டார். உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதையும்! வீட்டை போவம். நீர் மேலை ஏறி சன்னலைத் திறந்து சொல்லும்."

"அண்ணை, வீட்டை போக நேரமில்லை. ஸ்டேசனுக்கு ஓடுங்கோ!"

காதைப் பொத்தியிருந்தாலும் கேட்டுவிட்டது. கடிதத்தை வாங்கவில்லை, எத்தனை மணி என்று கேட்கவில்லை. ஓடத் தொடங்கினார்.

காட்டிலிருந்து ஸ்டேசனுக்கு ஐந்து கிலோமீற்றருக்குக் குறையாது. நான் சைக்கிளில், அவர் காலில். ஆற்றங்கரையில் சரிக்குச் சரி வந்தோம். நகரத்து ஏற்றத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட, அவர் திரும்பிப் பாராமல் போய்விட்டார். ஸ்டேசன் வாசலில் நான் சைக்கிளைச் சாத்தும்போது இரண்டு இருபது. அவர் அங்கே நின்றார். என்னைக் கண்டதும் சொன்னார்:

"தம்பி, நீ உள்ளுக்குப் போ. நான் ஒருக்கா சுத்திப்போட்டு வாறன்."

ஒன்பது மாதத்தில் அவர் என்னை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? அவை உங்களைத்தான் தேடுவினம்!"

"நான் நிண்டால் வராயினம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டேசனின் மூலையால் திரும்பி ஓடிப்போனார்.

ரயில் சரியாக இரண்டரைக்கு வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து, தோளில் நில்லாத ஒரு பெரிய கோட்டோடு அவ இறங்கினா. கையில் ஐந்து வயதுப் பிள்ளை, கண்வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. அவ இருபக்கமும் பார்த்தா. கலங்குவா என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவ கலங்கவில்லை.

"நீங்கள்தானே அவரோடை இருக்கிற தம்பி? நல்ல நித்திரைக்காரன் எண்டு எழுதுவார்."

"ஓம் அக்கா. அண்ணை வந்தவர், இப்ப..."

"எந்தப் பக்கத்தாலை ஓடினவர்?"

நான் ஸ்டேசன் மூலையைக் காட்டினேன். அவ சிரித்தா.

"இவள் பிறக்கேக்கை ஆசுப்பத்திரியைப் பதினொரு தரம் சுத்தினவர். நேர்ஸ் கலைச்சுப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தவ. வாங்கோ தம்பி, வெளியிலை போய் நிப்பம்."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். கொஞ்ச நேரத்தில் மூலையால் அவர் வந்தார். சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்றுவிட்டார். இன்னும் நாற்பது அடி. நிமிர்ந்து பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, முற்றத்தில் நின்று கத்துகிற அதே குரலில் கத்தினார்.

"என்ன மாதிரி?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை மறித்தா.

"இஞ்சாருங்கோ" என்றா. "ஓடினது காணும். இனி நில்லுங்கோ."

அவர் நிமிர்ந்தார். பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இவரோ அப்பா? எங்கடை அப்பா குண்டெல்லோ?"

"ஓம் பிள்ளை, இவர்தான். ஓடி ஓடி இப்பிடி ஆயிட்டார்."

பிள்ளை இன்னொரு தரம் அவரைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு அவரை நோக்கி ஓடினாள். அவர் கைகளை நீட்டிக்கொண்டு, ஓர் அடிகூட நகராமல், அங்கேயே நின்றார்.